வேதியியல் படிக்கச் சாட்பாட்: முதலில் உங்கள் விடை, அப்புறம் அதன் விடை

ரங்கூனில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என் வீட்டுக் கூடத்தில் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். பதினோரு பேர், எல்லாரும் முதல் வருடம் அல்லது இரண்டாம் வருடம். ஏழு பேர் நம் தமிழ் வீட்டுப் பிள்ளைகள், என்னை அக்கா என்பார்கள். மற்ற நாலு பேர் பர்மியம் பேசுபவர்கள், அவர்களுக்கு நான் சயாமா, அதாவது டீச்சர். போன மாதம் ஒரு நாள் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, சாட்பாட்டை வைத்து யார் யார் படிக்கிறீர்கள், அது உதவுகிறதா இல்லையா, மறைக்காமல் சொல்லுங்கள், திட்ட மாட்டேன் என்று கேட்டேன். பதினோரு கையும் உயர்ந்தது.

அவர்கள் சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் கீழே சொல்லப்போகும் வழி முழுக்க அந்தப் பேச்சிலிருந்து வந்ததுதான்.

"அக்கா, வகுப்பில் அத்தனை பேருக்கு நடுவில் எழுந்து நின்று மோல் என்றால் என்னவென்று கேட்க முடியுமா? இதனிடம் இருபது தடவை கேட்டாலும் முகம் சுளிக்காது" என்றாள் ஒரு பெண், பாதிப் பேர் தலையாட்டினார்கள். ராத்திரி பதினோரு மணிக்குச் சந்தேகம் வந்தால் வேறு யாரிடம் போய்க் கேட்பது என்றான் இன்னொருவன். ஒரு பையன் சொன்னது வேறு மாதிரி: "படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கிறது, பரீட்சைத் தாளைக் கையில் வாங்கினால் ஒன்றுமே வரவில்லை." ஒரே கணக்கை இரண்டு தடவை கேட்டால் இரண்டு விடை வருகிறது, எதை நம்புவது என்று கேட்டாள் ஒருத்தி. கடைசியில், அதிகம் பேசாத ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்: "இது இல்லாமல் ஒரு கணக்கைத் தொடங்கவே இப்போது பயமாக இருக்கிறது அக்கா."

அந்த வார்த்தை ராத்திரி முழுக்க என் மனசில் கிடந்தது. படிப்பில் கெட்டிக்காரப் பெண் அவள். மறுநாள் எல்லாரையும் உட்கார வைத்து, யார் எப்படிப் பயன்படுத்துகிறீர்கள், போனை எடுத்தது முதல் மூடியது வரை சொல்லுங்கள் என்று கேட்டேன். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. உதவுகிறது என்றவர்களும் கெடுக்கிறது என்றவர்களும் ஒரே செயலியைத்தான் வைத்திருந்தார்கள், ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்டார்கள். வரிசைதான் வேறு. தாங்களே போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் கேட்டவர்களுக்கு உதவியது. கேள்வியைப் படம் பிடித்து முதலிலேயே அனுப்பியவர்களுக்குப் புரிந்த மாதிரி மட்டும் இருந்தது. ஆகவே நான் சொல்லப்போவது அடிப்படையில் ஒரே ஒரு விஷயம்: முதலில் உங்கள் விடை, அப்புறம் அதன் விடை. அதை வேதியியலில் எப்படிச் செய்வது என்பதில்தான் நுணுக்கம் இருக்கிறது.

தாளில் நாலு வரி

ஒரு கேள்வியைக் கையில் எடுத்ததும் போனைக் கவிழ்த்து வையுங்கள். வெள்ளைத் தாளில் நாலு வரியாவது எழுதுங்கள்: என்ன கொடுத்திருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள், எந்த விதி பொருந்தும் என்று நினைக்கிறீர்கள், விடை சுமாராக எவ்வளவு இருக்கும். அந்த நாலாவது வரிதான் முக்கியம், ஆனால் பிள்ளைகள் எல்லாரும் தவிர்ப்பதும் அதைத்தான். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள். தப்பான ஊகத்தை எழுதி வைத்தவனுக்குச் சரியான விடை மனசில் ஒட்டும், ஊகமே இல்லாதவனுக்கு வழுக்கிக்கொண்டு போய்விடும். இதைப் பத்து வருடமாகப் பிள்ளைகளிடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஓர் உதாரணம். மோலாரிட்டி 10-இன் அடுக்கு கழித்தல் 8 உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசலின் பிஎச் என்ன? எங்கள் டியூஷனில் பதினோரு பேரில் ஒன்பது பேர் யோசிக்காமல் 8 என்று எழுதினார்கள். வாய்பாட்டில் போட்டால் 8-தான் வரும். ஆனால் பிஎச் 7-ஐத் தாண்டினாலே காரம். அமிலத்தைத் தண்ணீரில் எவ்வளவு கலக்கினாலும் அது எப்படிக் காரமாகும்? இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று திகைத்தவனுக்கு, தண்ணீரே தன் பங்குக்கு ஹைட்ரஜன் அயனியைத் தருகிறது, இவ்வளவு நீர்த்த கரைசலில் அந்தப் பங்குதான் பெரிசு, ஆகவே விடை 6.98 பக்கம் வரும் என்று சொன்னால் ஆயுசுக்கும் மறக்காது. திகைக்காமல் நேராகச் சாட்பாட்டிடம் கேட்டவனுக்கு 6.98 என்பது இன்னும் ஒரு எண், அவ்வளவுதான்.

தாளில் எழுதிய பிறகு போனை எடுங்கள். கேள்வியை மட்டும் அனுப்பாதீர்கள், உங்கள் வரிகளையும் சேர்த்து அனுப்புங்கள். நான் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கும் வாசகம் இது: "நான் முதல் வருட மாணவன். கீழே கேள்வியும் நான் போட்ட வழியும் இருக்கிறது. விடையைச் சொல்லாதே. எந்த வரியில் முதலில் தவறினேன் என்று மட்டும் காட்டு. அந்த வரியைச் சரிசெய்ய எனக்கு ஒரு கேள்வி கேள்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். இந்தச் செயலிகளுக்கு உதவுகிற ஆசை அதிகம், அது இல்லாவிட்டால் மொத்தக் கணக்கையும் போட்டு உங்கள் மடியில் வைத்துவிடும். அப்படியும் வைத்துவிட்டால், நிறுத்து, கேள்வி மட்டும் கேள் என்று திரும்பவும் சொல்லுங்கள். கூச்சப்பட ஒன்றும் இல்லை.

சில சமயம் அது உங்கள் தப்பான வழியையும் "அருமை, சரியாகப் போட்டிருக்கிறீர்கள்" என்று பாராட்டும். கேட்பவர் நினைப்பதற்குத் தலையாட்டும் வழக்கம் அதற்கு உண்டு. அதற்கு ஒரு சின்ன வழி இருக்கிறது: உங்கள் விடை என்று சொல்லாதீர்கள். "இரண்டு மாணவர்கள் இப்படியும் அப்படியும் போட்டிருக்கிறார்கள், இரண்டில் எங்கே பிழை, இரண்டிலும் இருக்கலாம்" என்று கேளுங்கள். பதில் நேர்மையாக வரும் வாய்ப்பு கூடும்.

ஏன் இப்படித் தப்பு விடுகிறது

சுருக்கமாகச் சொல்கிறேன். சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30-இல் வெளிவந்தது, அதன் பின் ஜெமினி, கிளாட், டீப்சீக் என்று பல வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே வேலை: மலை மலையாகப் படித்த எழுத்திலிருந்து, அடுத்து எந்தத் துண்டு வரும் என்று கணித்துக்கொண்டே போவது. ஆகவே அடிக்கடி எழுதப்பட்ட விஷயத்தில் பலம், அபூர்வமான விஷயத்திலும் எண்ணிலும் படத்திலும் பலவீனம். 2023-இல் இங்கிலாந்தின் ஹெர்ட்போர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தார் தங்கள் வேதியியல் தேர்வுக் கேள்விகளைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்துப் பார்த்ததில், "விவரி", "விவாதி" என்ற மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் நன்றாக வந்தது, தெரிந்ததைப் புது இடத்தில் பொருத்துகிற கேள்வியிலும் எழுத்தாக இல்லாத படம், அமைப்பு போன்றவற்றைப் பார்த்துச் சொல்ல வேண்டிய கேள்வியிலும் தடுமாறியது. அதற்குப் பிறகு வந்தவை எவ்வளவோ மேல். ஆனாலும் சரியாகச் சொல்லும்போதும் தப்பாகச் சொல்லும்போதும் குரல் ஒரே மாதிரி இருக்கும், அதுதான் ஆபத்து. தெரியாத வாத்தியார் தயங்குவார், அந்தத் தயக்கத்தைப் பார்த்து நாம் உஷாராவோம். இது தயங்காது.

ஒரே கணக்குக்கு இரண்டு விடை வருவதன் காரணமும் அதுதான். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கணித்து எழுதுகிறது, நேற்று எழுதியதைத் தேடி எடுத்துத் தருவதில்லை.

கணக்கைச் சரிபார்ப்பது

வேதியியலுக்கு ஒரு வரம் உண்டு. விடையைச் சரிபார்க்கப் பெரும்பாலும் வேறு ஆளே வேண்டாம். அணுக்கள் இரு பக்கமும் எண்ணிப் பார்க்கலாம், மின்னூட்டத்தைக் கூட்டிப் பார்க்கலாம், அலகு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். சாட்பாட் எந்தச் சமன்பாடு கொடுத்தாலும் இந்த மூன்றையும் உங்கள் கையால் செய்யாமல் நோட்டில் ஏற்றாதீர்கள்.

பெர்மாங்கனேட் - ஆக்ஸாலிக் அமில டைட்ரேஷனை எடுத்துக்கொள்வோம், இரண்டு வருடத்தில் யாரும் தப்ப முடியாத பரிசோதனை. 2 பெர்மாங்கனேட், 5 ஆக்ஸலேட், 16 ஹைட்ரஜன் அயனி சேர்ந்து 2 மாங்கனீசு அயனி, 10 கார்பன் டை ஆக்சைடு, 8 தண்ணீர். இடப்பக்க மின்னூட்டம்: கழித்தல் 2, கழித்தல் 10, கூட்டல் 16, மொத்தம் கூட்டல் 4. வலப்பக்கம் இரண்டு மாங்கனீசுக்கு ஆளுக்கு 2, அதுவும் கூட்டல் 4. சரி. இப்போது 0.0500 மோலார் ஆக்ஸாலிக் அமிலம் 25.0 மில்லி எடுத்தால் 0.0200 மோலார் பெர்மாங்கனேட் எவ்வளவு செலவாகும்? அமிலம் 0.00125 மோல், அதை 5-இல் 2 பங்காக்கினால் 0.0005 மோல், ஆக 25.0 மில்லி.

இந்தக் கணக்கை ஒரு மாணவி சாட்பாட்டிடம் கேட்டபோது விகிதத்தைத் தலைகீழாகப் போட்டு 156 மில்லி என்று சொன்னது. அழகான வரிகள், ஒவ்வொரு படியும் விளக்கத்தோடு. அவள் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் அலமாரியிலிருந்த பியூரெட்டை, அதாவது டைட்ரேஷனில் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விடும் அளவுக் குழாயை, எடுத்து அவள் கையில் கொடுத்தேன். மேலிருந்து கீழே கோடுகளைப் பார்த்துக்கொண்டே போனாள், 50 மில்லியில் முடிந்தது. "அக்கா, இதை மூன்று தடவை நிரப்ப வேண்டுமே" என்றாள், அப்புறம் தானே சிரித்துவிட்டு விகிதத்தைத் திருப்பிப் போட்டாள். சுமாராக எவ்வளவு இருக்கும் என்று முதலில் எழுதச் சொல்வது இதற்குத்தான். பியூரெட்டைக் கையில் பிடித்தவனுக்கு 156 என்ற எண் உறுத்தும், போனை மட்டும் பிடித்தவனுக்கு உறுத்தாது.

கணக்கு நீளமாக இருந்தால் இன்னொன்று செய்யலாம். புது உரையாடல் திறந்து, பழைய பேச்சு எதுவும் இல்லாமல், அதே கணக்கை வேறு எண்களோடு கேளுங்கள். வழி மாறாமல் வந்தால் ஓரளவு நம்பலாம். வழியே மாறினால் இரண்டையும் ஒதுக்கிவிட்டுப் புத்தகத்தைத் திறங்கள். ஓப்பன்ஸ்டாக்ஸ் வேதியியல் புத்தகம் இலவசம், பிடிஎஃப்பாக ஒரு தடவை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாதபோதும் படிக்கலாம்.

மொழி என்ற தொந்தரவு

இந்தப் பகுதி நம் ஊர்ப் பிள்ளைகளுக்கென்றே எழுதுவது, வேறு நாட்டில் எழுதப்பட்ட எந்த வழிகாட்டியிலும் இது இருக்காது.

வீட்டில் தமிழ், தெருவில் பர்மியம், புத்தகத்தில் ஆங்கிலம். எந்த மொழியில் கேட்பது? தமிழில் கேட்டால் மனசுக்கு நெருக்கமாக இருக்கும் என்று பல பிள்ளைகள் முயன்று பார்த்தார்கள், ஆனால் வருகிற தமிழ் அவர்களுக்கு ஆங்கிலத்தைவிடக் கஷ்டம். தனிமம், சகப்பிணைப்பு, வினைவேகம் என்பதெல்லாம் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகச் சொற்கள், இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை எந்தப் பள்ளியிலும் அவற்றைக் கேட்டதில்லை. போதாததற்கு, சாட்பாட் தமிழ்நாட்டுச் சொல்லையும் இலங்கைச் சொல்லையும் ஒரே பதிலில் கலக்கும். தமிழ்நாட்டில் தனிமம் என்பதை இலங்கையில் மூலகம் என்பார்கள். அமிலத்துக்கு எதிரானது தமிழ்நாட்டில் காரம், இலங்கையில் மூலம். அங்கே காரம் என்றால் தண்ணீரில் கரைகிற மூலம் மட்டும். ஒரு பத்தியில் காரம், அடுத்த பத்தியில் மூலம் என்று வந்தால் இரண்டும் வேறு வேறு பொருள் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். எங்கள் டியூஷனில் அப்படியே நடந்தது, ஒரு வாரம் ஒருவன் மூன்று வகைப் பொருள் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான்.

அதனால் நான் சொல்லும் வழி: "விளக்கம் எளிய பேச்சுத் தமிழில் இருக்கட்டும், ஆனால் வேதியியல் சொற்களையெல்லாம் ஆங்கிலத்திலேயே விடு, மொழிபெயர்க்காதே." இப்படிக் கேட்டால் ஆசிட், பேஸ், பாண்ட், ரியாக்ஷன் எல்லாம் அப்படியே நிற்கும், நடுவில் இருக்கும் காரணகாரியம் மட்டும் அம்மா பேசுகிற மொழியில் வரும். பரீட்சை ஆங்கிலத்தில்தானே, அந்தச் சொற்கள் பழகித்தான் ஆக வேண்டும்.

பர்மிய மொழியில் கேட்கலாமா என்றால், கேட்கலாம், ஆனால் பதிலின் தரம் இறங்கும், அதை அந்த நாலு பிள்ளைகளே ஒத்துக்கொண்டார்கள். இந்தச் செயலிகள் எழுத்தைத் துண்டு துண்டாக உடைத்துத்தான் படிக்கின்றன. பர்மிய எழுத்து, ஆங்கிலத்தைவிடப் பல மடங்கு அதிகத் துண்டுகளாக உடைகிறது, தமிழும் அப்படித்தான். இலவசக் கணக்கில் அளவு வைத்திருப்பார்களே, அது சீக்கிரம் தீர்ந்துபோவதில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பழைய டியூஷன் நோட்டுகள், அண்ணன் அக்கா காலத்துக் குறிப்புகள் கணினியில் இருந்தால் அவை ஸாவ்ஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் இருக்கலாம். நாடு யூனிகோடுக்கு மாறியது 2019 அக்டோபர் 1-இல்தான். ஸாவ்ஜியில் தட்டியதை அப்படியே ஒட்டினால், அந்த எழுத்துரு உள்ள கணினியில் கண்ணுக்குச் சரியாகத் தெரியும், ஆனால் உள்ளே எழுத்துகளின் வரிசை வேறு, சாட்பாட் கண்டபடி புரிந்துகொண்டு கண்டபடி பதில் சொல்லும். முதலில் யூனிகோடாக மாற்றிக்கொள்ளுங்கள், அதற்கு இலவச மாற்றிகள் நிறைய இருக்கின்றன. ஒரு மாணவி மூன்று நாள் சாட்பாட்டைத் திட்டிக்கொண்டிருந்தாள், காரணம் இதுதான் என்று அப்புறம்தான் தெரிந்தது.

மொகோக் சிவப்பும் பக்கான் பச்சையும்

சாட்பாட்டை நான் மனசார மெச்சுவது இந்த இடத்தில்: ஒரு விஷயத்தைத் தோண்டித் தோண்டிக் கேட்பதற்கு அது மிக நல்ல துணை. வகுப்பில் ஒரு கேள்விக்கு மேல் கேட்க நேரம் இருக்காது. இங்கே பத்துக் கேள்வி கேட்கலாம்.

எங்கள் டியூஷனில் ஒரு பெண்ணின் அப்பா கல் வியாபாரத் தரகர். அவள் விரலில் மோதிரம், சின்ன மொகோக் கெம்பு. ஒரு நாள் பாடம் இடைநிலை உலோகங்களின் நிறம். "உன் கையில் இருக்கிறதே, அது ஏன் சிவப்பு? முதலில் தாளில் எழுது" என்றேன். குரோமியம் இருப்பதால் என்று எழுதினாள். சரிதான், ஆனால் பாதிதான். சாட்பாட்டிடம் கேட்டாள், குரோமியம் சிவப்பு நிறத்தைத் தருவதால் என்று அதுவும் ஏறக்குறைய அதையே திருப்பிச் சொன்னது. அங்கேதான் பெரும்பாலான பிள்ளைகள் போனை மூடுவார்கள். மூடக் கூடாது. "அப்படியானால் பக்கான் சுரங்கத்து ஜேட் கல்லில் உசத்திப் பச்சைக்கும் குரோமியம்தான் காரணம் என்கிறார்களே, ஒரே உலோகம் ஓர் இடத்தில் சிவப்பும் இன்னோர் இடத்தில் பச்சையும் எப்படித் தரும்?" என்று கேட்கச் சொன்னேன்.

இப்போது பதில் வேறு தினுசில் வந்தது. கெம்பு என்பது அலுமினியம் ஆக்சைடு. அதில் நூற்றுக்கு ஒன்று போலச் சில அலுமினிய அயனிகளின் இடத்தில் குரோமிய அயனி உட்கார்ந்திருக்கிறது. அலுமினியத்தைவிடக் குரோமியம் கொஞ்சம் பெரிசு, இடமோ சின்னது, சுற்றியுள்ள ஆறு ஆக்சிஜனும் நெருக்குகின்றன. நெருக்கம் கூடினால் குரோமியத்தின் எலக்ட்ரான்கள் இருக்கும் டி ஆர்பிட்டல்களுக்கு இடையிலுள்ள ஆற்றல் இடைவெளி கூடும், ஊதாவும் மஞ்சள்-பச்சையும் உறிஞ்சப்பட்டுச் சிவப்பு தப்பி வெளியே வரும். ஜேட்டில் சோடியம், அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் சேர்ந்த வேறு வீடு. நெருக்கம் குறைவு, இடைவெளி குறைவு, உறிஞ்சுதல் சிவப்புப் பக்கம் நகர்கிறது, பச்சை தப்பி வருகிறது. குரோமியம் ஒன்றுதான், அது குடியிருக்கும் வீடு வேறு.

அதோடும் விடவில்லை. "நெருக்கம் இன்னும் குறைந்தால் என்ன ஆகும் என்று நான் ஊகம் சொல்கிறேன், சரியா பார்" என்று அவளே எழுதி அனுப்பினாள். பிறகு கெம்பு தானாகவே சிவப்பாக ஒளிர்வது ஏன் என்று கேட்டாள், அது 694 நானோமீட்டரில் வெளியிடும் ஒளி, 1960-இல் தியோடர் மைமன் செய்த முதல் லேசருக்கு அதே கெம்புதான் என்று பேச்சு போனது. எண்களையும் வருடத்தையும் புத்தகத்தில் சரிபார்த்தோம், சரியாக இருந்தன. பாடநூலில் மரகதத்தை வைத்து விளக்கியிருப்பார்கள். ஆனால் விரலில் இருக்கும் கல்லும் கடைத்தெருவில் பார்க்கும் பச்சையும் தருகிற பிடிப்பு மரகதத்தில் வராது.

நீங்களும் இப்படிச் செய்யுங்கள். வீட்டில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்: முகத்தில் பூசும் தனகா வெயிலைத் தடுக்கும் என்கிறார்களே, எப்படி, ஙப்பி (புளிக்கவைத்த மீன் விழுது) ஏன் சீக்கிரம் கெடுவதில்லை, மஞ்சள் கறை சோப்பு பட்டதும் ஏன் சிவக்கிறது. ஒவ்வொன்றுக்கும் முதலில் உங்கள் ஊகம், அப்புறம் கேள்வி, அப்புறம் "இது சரியென்றால் அதுவும் இப்படித்தானே இருக்க வேண்டும்" என்று ஒரு குறுக்குக் கேள்வி. அந்தக் குறுக்குக் கேள்வியைக் கண்டுபிடிக்கும்போது நீங்கள் உண்மையிலேயே வேதியியல் செய்கிறீர்கள்.

படம், பரிசோதனை, ஒப்படைப்பு

கரிமச் சேர்மங்களின் அமைப்புப் படம், வினைவழியில் எலக்ட்ரான் அம்பு, வலக்கை இடக்கை அமைப்பு, இவற்றில் சாட்பாட்டை நம்பி இருக்காதீர்கள். படமாக வரையச் சொன்னால் கார்பனுக்கு ஐந்து பிணைப்பு வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சேர்மத்தின் பெயரைப் பப்கெம் என்ற இணையத் தரவுத்தளத்தில் தேடுங்கள், இலவசம், அமைப்பு அங்கே இருக்கும். அம்புகளைக் கையால் வரைந்து பழகுவதற்கு மாற்று வழி எதுவும் இல்லை.

ஆய்வகம் பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். செய்முறையைச் சாட்பாட்டிடம் வாங்கிச் செய்யாதீர்கள். ஆசிரியர் கொடுத்த தாள்தான் செய்முறை. ஏன் என்ற கேள்வியை மட்டும் சாட்பாட்டிடம் கேளுங்கள்: ஆக்ஸாலிக் அமிலத்தை 60, 70 டிகிரிக்குச் சூடாக்கச் சொல்வது ஏன், முதல் சொட்டுகளின் நிறம் மெதுவாக மறைந்து, போகப்போக உடனே மறைவது ஏன் (வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே வினையை வேகப்படுத்துகிறது), இதையெல்லாம் முந்தின நாள் ராத்திரி கேட்டுத் தெரிந்துகொண்டு போனால் மறுநாள் பியூரெட் முன்னால் நிற்கும்போது கண் வேறு மாதிரிப் பார்க்கும். ஆனால் எவ்வளவு அமிலம், எதை எதில் ஊற்றுவது என்பதற்கு அதை நம்பக் கூடாது. அடர் கந்தக அமிலத்தை நீர்க்கும்போது அமிலத்தைத்தான் தண்ணீரில் மெதுவாக ஊற்ற வேண்டும், ஒருநாளும் மாற்றி அல்ல. வீட்டில் பிளீச்சையும் கழிப்பறை கழுவும் அமிலத்தையும் சேர்த்துப் பார்க்கிற ஆசை யாருக்கும் வேண்டாம், வருவது குளோரின் வாயு.

ஒப்படைப்புக் கட்டுரைக்கு ஆதாரம் கேட்டால் இல்லாத ஆய்வுக் கட்டுரையை இருப்பதுபோல் தலைப்பு, வருடம், பக்க எண்ணோடு சொல்லும். தேடிப் பார்த்துக் கையில் கிடைக்காத எதையும் எழுதாதீர்கள். ஆசிரியர் சாட்பாட் கூடாது என்று சொல்லியிருந்தால் கூடாதுதான், அதில் பேச்சே இல்லை. அனுமதித்திருந்தால் எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், உங்களுக்கும் நிம்மதி.

பரீட்சைக்கு முந்தின வாரம் திசையைத் திருப்புங்கள். அது கேட்கட்டும், நீங்கள் சொல்லுங்கள். "சமநிலைப் பாடத்திலிருந்து ஒவ்வொரு கேள்வியாகக் கேள், நான் பதில் சொன்ன பிறகுதான் அடுத்தது. தப்பாகச் சொன்ன வகையிலிருந்தே திரும்பக் கேள்." கன அளவு மாறாத பாத்திரத்தில் மந்த வாயுவைச் சேர்த்தால் சமநிலை நகருமா என்பது போன்ற கேள்விகள் வரும், நகராது, ஏனென்றால் வினையில் ஈடுபடும் வாயுக்களின் பகுதி அழுத்தம் மாறவில்லை. ஏன் என்று உங்கள் வாயால் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லையென்றால் அந்தப் பாடம் இன்னும் உங்களுடையது ஆகவில்லை.

கரண்ட் இல்லாத நேரம்

கரண்ட் போகும், நெட் படுத்துவிடும், இதெல்லாம் ரங்கூனில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்கேற்ப வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். கரண்ட் இல்லாத நேரம் தாளுக்கு: கணக்குப் போடுவது, ஊகம் எழுதுவது, மாட்டிக்கொண்ட இடத்தில் எதைக் கேட்க வேண்டும் என்று முழு வாக்கியமாகக் குறித்து வைப்பது. கரண்ட் வந்ததும் அந்தக் குறிப்புகளை வரிசையாகக் கேட்டு, நல்ல பதில்களைக் காப்பி செய்து போனில் சேமித்துக்கொள்வது. இலவச அளவும் வீணாகாது, பேட்டரியும் மிஞ்சும்.

தொடங்கவே பயமாக இருக்கிறது என்று சொன்னாளே, அந்தப் பெண்ணுக்கு நான் கொடுத்த ஒரே மருந்து இதுதான். ஒரு மாதமாகச் செய்கிறாள். நேற்று மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பஃபர் கணக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தோம், அவள் பக்கம் முழுக்க அடித்தல் திருத்தல், ஓரத்தில் "இங்கே ஏன் லாக் எடுக்கிறோம்?" என்று கேள்விக்குறியோடு ஒரு வரி. திடீரென்று தெரு முழுக்கப் பிள்ளைகள் "மீலாபி!" என்று கத்தினார்கள், மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது, எல்லாரும் போனை எடுத்தார்கள். அவள் மட்டும் நிமிராமல், "இருங்க அக்கா, இன்னும் ரெண்டு வரி இருக்கு" என்றாள்.